“பழகுமுங்க” என்றார் சாட்சி

சென்ற மாதம் ஒரு பிற்பகல் ஷோபாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள் அவள். கன்னடமும் ஆங்கிலமும் அவளுக்கு நன்றாக வரும். தமிழ், வீட்டில் பேசுகிற அளவுக்கு. இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பின் முதல் வரைவைக் கணினியே போட்டுத் தந்துவிடுகிறதாம். படத்தில் ஒரு வழக்கில் தாக்கலான தமிழ்க் கடிதமும், அதற்குக் கணினி போட்ட ஆங்கிலமும் இருந்தன. கடிதத்தில் ஒரு பெண், “நாங்கள் மூன்று வருடம் பழகினோம்” என்று எழுதியிருந்தாள். கணினியோ, இருவரும் மூன்று வருடம் பயிற்சி செய்ததாகச் சொல்லியிருந்தது.

படத்தின் கீழே ஷோபாவின் குரல் பதிவு. “மேடம், இது நோடி. சிரிச்சு சிரிச்சு வயிறே நோவுது. ஆனா அகராதியில பாத்தா அதுவும் இருக்கே? எப்படித் திருத்தறது, சொல்லுங்க?”

“தப்பென்று சொல்ல முடியாது, சரியும் இல்லை” என்று பதில் போட்டேன். அதற்கு மேல் கைப்பேசியில் தட்ட என் விரல்களுக்குப் பொறுமையில்லை. ஆனால் அந்த ஒரு வினைச்சொல் அன்று முழுக்க என்னை விடவில்லை. என் வேலைக்காலத்தில் அது என்னை மூன்று முறை தடுக்கி விழவைத்திருக்கிறது. மூன்றாவது முறை விழுந்தபோது ஒரு பெண்ணின் பெயரும் என்னோடு சேர்ந்து விழ இருந்தது. அதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது மைசூரில். அம்மா ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பள்ளி ஆசிரியர். படித்தது கன்னட மீடியம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையும் அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளும்தான் எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பி.ஏ. முடித்துத் தேர்வு எழுதி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானேன். பெரும்பாலும் காகித வேலைதான். கன்னட வாக்குமூலத்தை ஆங்கிலமாக்க வேண்டும், பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். தமிழ் மட்டுமே வருகிற சாட்சி யாராவது கூண்டேறினால், “அமலா அவரன்ன கரீரி”, அமலாவைக் கூப்பிடுங்கள் என்று ஆள் அனுப்புவார்கள். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மாடியேறுவேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் நஞ்சுண்டய்யா. ஒடிசலான மனிதர். ஏப்ரல் வெயிலிலும் காப்பிப்பொடி நிறக் கோட்டைக் கழற்ற மாட்டார். காலையில் வந்ததும் மூன்று பென்சில் சீவி வரிசையாக வைப்பார். ஒருபோதும் யாரிடமும் “தப்பு” என்று சொன்னதில்லை. நாம் கொடுத்த தாளை வாசித்து, எந்தச் சொல் அவருக்கு உறுத்துகிறதோ அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு வட்டம் போட்டு, நம் முகத்தைப் பார்க்காமலே திருப்பி நீட்டுவார். வேறு சொல் போட்டு எடுத்துப் போனால் அதற்கும் ஒரு வட்டம். நான்காவது தடவை, “சார், நீங்களே சொல்லிடுங்க” என்று கெஞ்சினால் ஒரே கேள்விதான் கேட்பார்: “அவரு ஹேளித்து இதேனா?” அவர் சொன்னது இதுதானா?

சாட்சிக்கு மொழிபெயர்ப்பதற்கு அவரிடம் தனி ஒழுங்கு இருந்தது. கூண்டுக்கு இடப்பக்கம் ஓரடி பின்தள்ளி நிற்க வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று முதலில் நாமும் உறுதிமொழி எடுக்க வேண்டும். சாட்சி “நான்” என்றால் நாமும் “நான்” என்றே சொல்ல வேண்டும். “அவர் சொல்கிறார்” என்பது கூடாது. “அதாவது” என்ற சொல் வாயிலேயே வரக்கூடாது. சந்தேகம் வந்தால் சாட்சியிடம் நாமாகக் கேட்டுக்கொள்ளாமல் நீதிபதியிடம் உரக்கச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். நோட்டில் நடுவே கோடு போட்டு, சாட்சியின் முக்கியமான சொல்லை அவருடைய மொழியிலேயே இடப்பக்கமும், நாம் சொன்னதை வலப்பக்கமும் எழுத வேண்டும். வெளியே வராந்தாவில் வழக்குக்காரர் எதிர்ப்பட்டால் தலையாட்டலாம், நின்று பேசக்கூடாது.

முதல் முறை தடுக்கி விழுந்தது அவரிடம்தான். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். கூண்டருகில் பதற்றத்தில் நாலு முறை “அவர் சொல்கிறார்” என்று சொல்லி நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். நஞ்சுண்டய்யா நிமிர்ந்து பார்த்து, “இன்னூ நீனு பளகில்லம்மா” என்றார். அன்றைய பதற்றத்தில் என் காதில் அது தமிழாகவே விழுந்தது. நான் இன்னும் யாரோடும் பழகவில்லை என்கிறார் போலிருக்கிறது. உண்மைதான், நான் என் மேசையை விட்டு எழுந்திருப்பதே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் ரெக்கார்டு அறை, டைப்பிங் பிரிவு, நகல் பிரிவு என்று ஒவ்வொரு மேசையாகப் போய், பெயர் சொல்லி, ஊர் கேட்டு, பிள்ளைகளை விசாரித்து, மத்தியானத்துக்கு மூன்று பேரிடமிருந்து சித்ரான்னமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

“ஏனம்மா இது?” என்றார் அவர்.

“நீங்கதானே சார் எல்லாரோடும் பழகச் சொன்னீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கிற்று. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு விளக்கினார். கன்னடத்தில் ‘பளகு’ என்றால் கை தேறுவது, படிவது. தசராவுக்கு ஊர்வலம் போகிறதே, அது பளகின யானை. நான் இன்னும் பளகாத மொழிபெயர்ப்பாளர். ஒரே சொல் எல்லையின் இந்தப் பக்கம் யானைக்கும், அந்தப் பக்கம் அண்டைவீட்டாருக்கும் போயிருக்கிறது.

இரண்டாவது முறை நடந்தது, கொள்ளேகாலம் பக்கம் என்னைச் சில மாதங்களுக்கு அனுப்பியிருந்தபோது. பாலாறு தாண்டி ஒரு வண்டி மோதிய வழக்கு. சாட்சி மேட்டூர்க்காரர். ஓட்டுநரை உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். “அவரு நமக்கு நல்ல பழக்கமுங்க” என்றார். நான் யோசிக்காமல் ‘அப்யாச’ என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்கு நல்ல வழக்கம், தினம் பல் துலக்குவது போல என்று பொருளாகிவிட்டது. கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துத் திருத்திக்கொண்டேன். சிரிப்போடு போன தவறு அது. யாருக்கும் காயமில்லை.

மூன்றாவது அப்படியில்லை. அப்போது நஞ்சுண்டய்யா ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகியிருந்தன. நானே பிரிவுக்கு மூத்தவள். பளகிவிட்டேன் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

குடும்ப வழக்கு. எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கணவன் குமார், செல்பேசிக் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் நாலு நாள் வெளியூர். மனைவி ஜோதி, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பாகங்கள் பூட்டும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருவாள். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கம்பெனி பஸ் டிரைவர் சித்தராஜுவோடு மனைவிக்குத் தொடர்பு இருக்கிறது, அதனால் விவாகரத்து வேண்டும், குழந்தையும் தன்னிடம் வர வேண்டும் என்று குமார் மனுப் போட்டிருந்தான். ஜோதி ஒரு வருடமாக ஒரு தோழியின் வீட்டில் குழந்தையோடு இருந்தாள்.

குமார் தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்து வந்தது தன் அப்பாவை. பெயர் மாரப்பன். மாதேஸ்வரன் மலையில் தேங்காய், கற்பூரக் கடை. மனைவியை இழந்தவர். கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டில் வந்து சில மாதம் தங்கியிருந்தபோது, தினமும் காலையில் மருமகளை பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விட்டவர். ஆகவே அவர் பார்த்திருப்பார், அவர் சொன்னால் எடுபடும் என்பது வக்கீலின் எண்ணம். சொந்த மாமனாரே சொன்னால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளை வேட்டி, கக்கத்தில் துணிப்பை, இன்னும் கறுப்புக் கண்ணாடி. கன்னடம் வருமா என்று நீதிபதி அம்மா கேட்டார்.

“கடையில பேசுவனுங்க. தேங்காய் என்ன வெலை, கற்பூரம் என்ன வெலைன்னு பேசுற அளவுக்கு. இந்த எடத்துல நின்னு பேசுற அளவுக்கு வராதுங்க” என்றார். என்னை அழைத்தார்கள்.

குமாரின் வக்கீல் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மருமகள் எத்தனை மணிக்குப் போவாள், யார் கொண்டுபோய் விடுவார்கள், டிரைவரைத் தெரியுமா? பெரியவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஜோதியும் சித்தராஜுவும் ‘சலிகெயிந்த’ இருந்தார்களா?

சலிகெ என்பதைத் தமிழில் ஒரு சொல்லால் சொல்வது கடினம். நெருங்கி, உரிமை எடுத்துக்கொண்டு, கூச்சமில்லாமல் இருப்பது. அண்ணன் தங்கைக்கும் சொல்லலாம். ஆனால் அந்த வழக்கில் அந்த வக்கீலின் வாயில் அதற்கு ஒரே வாடைதான் இருந்தது. அன்று காலையிலிருந்து அவர் எனக்கு மூன்றாவது சாட்சி. கைக்கு அகப்பட்ட சொல்லைப் போட்டேன்.

“உங்க மருமகளும் டிரைவரும் நல்லா பழகுவாங்களா?”

பெரியவர் முகம் மலர்ந்தது. “ஆமாங்க. நல்லா பழகுமுங்க அந்தப் புள்ள.”

நான் கன்னடத்துக்குத் திரும்பும்போது வக்கீலின் சொல்லையே எடுத்துக்கொண்டேன். “ஆம். அவர்கள் மிகவும் சலிகெயோடு இருந்தார்கள்.”

நீதிபதி அம்மா அப்படியே வாய்விட்டுச் சொல்ல, சுருக்கெழுத்தர் தட்டிக்கொண்டார். வக்கீல் அதற்கு மேல் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கத்து வக்கீல் இளைய பெண். பெரியவரின் கண் பார்வையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள். கூடத்தின் பின்வரிசையில் ஜோதி இருந்தாள். அவள் பெரியவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நம்பி வைத்திருந்த ஒன்று கையிலிருந்து நழுவினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பெரியவரின் குரல் அவ்வளவு தூரம் எட்டியிருக்காது, நீதிபதி அம்மா சொன்ன கன்னடம் எட்டியிருக்கும்; அவளுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும்.

சாட்சியம் முடிந்ததும் தட்டச்சான தாளைச் சாட்சிக்கு அவர் மொழியில் படித்துக்காட்டி, சரியென்று அவர் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் இது சடங்காகிவிடும். நான் அதைச் சடங்காக்கியதில்லை என்று அதுவரை பெருமைப்பட்டிருக்கிறேன். தாளை வாங்கி வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்தது. என் வாய் தானாகவே, “ஆமாம், அவங்க நல்லா பழகுவாங்க” என்றது.

“ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டிப் பெரியவர் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றி, கண்ணருகே கொண்டுபோய் முனையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ தட்டியது. நான் படித்தது தாளில் இருந்ததை அல்ல. தாளில் இருந்தது சலிகெ. அதை உள்ளபடி தமிழில் படித்தால், ‘அவங்க ரொம்ப நெருக்கமா, கூச்சமில்லாம இருந்தாங்க’ என்றுதான் படிக்க வேண்டும். அப்படிப் படித்திருந்தால் இந்த மனிதர் தலையாட்டியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றின் கீழே அவர் கையெழுத்துப் போடப் போகிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கூடத்தில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அவருக்கும் தெரியாது.

ஒரு நிமிடம்கூட இல்லை, சில நொடிகள்தான். அதற்குள் எத்தனை கணக்குப் போட்டது மனசு! பிரிவுக்கு மூத்தவள். இத்தனை வருடத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல்லைத்தானே போட்டோம், பெரிய தவறா இது? எதிர்ப்பக்க வக்கீலே சும்மா இருக்கிறாளே!

பெரியவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

“கொஞ்சம் இருங்கய்யா” என்றேன். நீதிபதி அம்மாவைப் பார்த்து, “மேடம், மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகம்கூட இல்லை, என் பிழை” என்று கன்னடத்தில் சொன்னேன்.

குமாரின் வக்கீல் எழுந்துவிட்டார். சாட்சியம் முடிந்துவிட்டது, சாட்சியை மாற்றிப் பேசவைக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீதிபதி அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. இடப்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததைச் சுட்டி, “ஏனிது?” என்றார்.

“பழகும், மேடம். சாட்சி சொன்ன சொல் அதுதான். சலிகெ என்பது வக்கீல் கேட்ட சொல். நான் அதைச் சாட்சியிடம் கொண்டுபோகவே இல்லை. அவர் ஆமாம் என்று சொன்னது வேறு கேள்விக்கு.”

“பளகுவுதா? இங்கே யானைதானே பளகும்?” என்றார் அவர். சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

இத்தனை வருடம் கூண்டுக்கு ஓரடி பின்னால் நின்றவள் நான். அன்று என்னையே கூண்டில் ஏற்றியது போல இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தமிழில் பழகுவது எல்லாவற்றுக்கும் உண்டு, மேடம். இருட்டுக்குக் கண் பழகும். புதுச் செருப்புக்குக் கால் பழகும். சைக்கிள் ஓட்டப் பழகலாம். புது மாடு வீட்டுக்குப் பழகும். பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் கொடுத்துப் பேசுவது, நல்லது கெட்டதற்குப் போய்வருவது, அதுவும் பழகுவதுதான். நல்லாப் பழகுவாள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அது பெரும்பாலும் பாராட்டு. அதே சொல்லை ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்து, ஒரு மாதிரியான குரலில் சொன்னால் காதல் என்றும் ஆகும். இவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் நான் தீர்மானித்துவிட்டேன். அதுதான் பிழை.

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, “அந்தச் சொல்லை விடுங்கள். அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள்” என்றார்.

நான் பெரியவரிடம் திரும்பினேன். “ஐயா, உங்க மருமகளும் அந்த டிரைவரும் பழகுறதா சொன்னீங்க. நீங்க என்ன பார்த்தீங்கன்னு அம்மா கேக்குறாங்க.”

அவருக்கு அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

“ஏனுங்க, நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டனுங்களா? அந்தப் புள்ள வேலைக்கிச் சேந்த புதுசுல பஸ்ஸுல ஏறவே பயப்படுமுங்க. யாரு மூஞ்சியும் தெரியாது. அந்த டிரைவரு கொஞ்சம் வயசானவரு. ஏறுற புள்ளைங்க எல்லாத்தையும் பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு. ஒருக்கா மழையில பஸ்ஸு நின்னு போச்சுங்க. அன்னைக்கி ஒவ்வொரு புள்ளையையும் ஆட்டோ புடிச்சு ஏத்திவிட்டுட்டுத்தான் போனாரு. அவரு சம்சாரம் நம்ம ஜோதிய தங்கச்சின்னுதான் கூப்புடும். குடும்பத்தோட மலைக்கி வந்தாங்க, எங்கடையிலதானுங்க உக்காந்தாங்க. அவருக்கு சக்கரை, நான் சக்கரை போடாம டீ வாங்கிக் குடுத்தேன். நானுந்தானுங்க அவரோட பழகுறேன். அதையும் எழுதிக்குங்க.”

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்தர் தட்டினார். கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் லேசாக உடைந்தது. வழக்கமாகச் சாட்சி அழுதாலும் நாம் உடையக்கூடாது.

குமாரின் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார். சொந்த மகனுக்கு எதிராக ஏன் சொல்கிறீர்கள்?

“எதிரா எங்கீங்க சொன்னேன்? கேட்டாங்க, பாத்தத சொன்னேன்” என்றார் பெரியவர். தாளை நான் மறுபடி முழுதும் படித்துக்காட்டினேன், இம்முறை ஒவ்வொரு சொல்லாக. மெதுவாகத் தன் பெயரை எழுதினார். கூண்டிலிருந்து இறங்கும்போது மகன் கை கொடுப்பான் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார். குமார் எழுந்து வெளியே போய்விட்டான்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். அன்று மாலை நஞ்சுண்டய்யா வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, “பிழையைக் கண்டுபிடித்தது யார், வக்கீலா?” என்றார் கன்னடத்தில்.

“இல்லை சார், நானேதான்.”

“கையெழுத்துக்கு முன்னா, பின்னா?”

“முன்.”

“சரி. நாளைக்கும் போய் நில்லு” என்று வைத்துவிட்டார். மெமோ என் கோப்பில் ஒரு எச்சரிக்கையோடு நின்றது. நான் மறுநாளும் போய் நின்றேன்.

தொடர்பு இருந்ததற்குச் சாட்சியமில்லை என்று குமாரின் மனு தள்ளுபடியானது. குழந்தை ஜோதியிடமே இருந்தது. சனிக்கிழமைகளில் அப்பா வந்து பார்க்கலாம். பார்ப்பதற்கென்று நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. பொம்மைகளும் குட்டி நாற்காலிகளும் இருக்கும். நான் கோப்புகளோடு அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். முதல் வாரங்களில் குழந்தை ஒரு மூலையிலும் அவன் ஒரு மூலையிலும் இருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை வராந்தாவில் குமார் என்னை நிறுத்தினான். வழக்கு முடிந்துவிட்டதால் நின்றேன்.

“அன்னைக்கி அந்த வார்த்தைய மாத்துனது நீங்கதானே?”

“மாத்தல. நான் தப்பா சொன்னத சரியா எழுதச் சொன்னேன்.”

கோபமாகப் பேசப்போகிறான் என்று நினைத்தேன்.

“மேடம், நான் பத்து வயசுலயே இங்க ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். எனக்குக் கன்னடம்தான் வாயில வரும். தமிழ்னா அப்பாகிட்ட பேசறது, டிவியில கேக்கறது, அஷ்டே, அவ்வளவுதான். அப்பா கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தப்போ நான் வெளியூர்ல இருந்தேன். போன்ல சொன்னாரு. ‘நீ ஒண்ணும் பயப்படாத, ஜோதி அந்த டிரைவரோட நல்லா பழகிருச்சு’ன்னு. நம்ம ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் ஒரு பொண்ணோட பழகறான்னா ஏனு அர்த்த? லவ்தானே? அப்பா எனக்குச் சாடையா எச்சரிக்கை பண்றாருன்னு நினைச்சேன். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சது. அவர திரும்பக் கேக்கவே இல்ல. எப்படிக் கேக்கறது, மேடம், சொந்த அப்பாகிட்ட?”

எத்தனையோ பேரின் பேச்சை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். இவர்கள் இருவருக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை. ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜோதிகிட்ட சொன்னீங்களா இத?” என்றேன்.

“சொன்னேன். அழுதா. ஆனா வரமாட்டேன்னுட்டா. ‘உங்கப்பா சொன்னது புரியலைன்னா, சரி. நான் ஒரு வருஷமா சொன்னது புரியலையா’ன்னு கேட்டா.”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஜோதி சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. அவன் அடுத்த வாரமே கொள்ளேகாலம் போய் அங்கிருந்து மலைக்கு பஸ் ஏறினான் என்பதைப் பிறகு அவனே சொன்னான். அப்பாவிடம் என்ன பேசினான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறு வருடம் இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு மனுக் கொடுத்தார்கள். கடைசி நாளன்று எனக்கு அங்கே வேலையில்லை. இருவரும் கன்னடத்திலேயே பதில் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டார்கள். நான் வேறு ஒரு கோப்புக்காக மாடியிலிருந்து இறங்கி வந்தபோது குமார், ஜோதி, பெரியவர் மூவரும் குழந்தையும் வாசலில் நின்றிருந்தார்கள். பெரியவர் மலையிலிருந்து பிரசாத லட்டு கொண்டுவந்து குழந்தையின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

ஜோதி குனிந்து அவர் காலைத் தொட்டாள். “போயிட்டு வர்றனுங்க மாமா.”

“கண்ணு, மலைக்கி வந்துட்டுப் போயிட்டு இரு. இதுக்கெல்லாம் பேப்பரு கெடையாது.”

“வராம எங்க போறனுங்க மாமா? பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இவளக் கூட்டிக்கிட்டு வர்றேன்.”

குமார் ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டு வந்து நிறுத்தினான். பஸ் நிலையம் வரை எல்லாரையும் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தான்.

“மாமாவையும் இவளையும் ஏத்திக்கிட்டுப் போங்க. அவருக்கு வெயில்ல கண்ணு கூசும்” என்றாள் ஜோதி. குழந்தையைத் தூக்கி முன்னால் நிறுத்தி, பெரியவரின் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “நான் நடந்து வர்றேன். எனக்கு அவசரமில்ல.”

ஸ்கூட்டர் மெதுவாகப் போயிற்று. அவள் நிழல் பார்த்து ஓரமாக நடந்தாள்.